ஊமை ஸ்பீக்கரில் பெய்த மழை

அண்ணன் படம் பார்க்க உட்கார்ந்தால், படம் ஓடத் தொடங்கிய மறு நிமிடம் டிவியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிடுவான். கட்டம் போட்ட பழைய போர்வை. ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்து இழுத்துவிடுவான். பிறகு நாற்காலியில் சாய்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொள்வான்.

"கண்ணை நம்பக் கூடாது. வாய் அசையறதைப் பாத்துட்டா, வராத சத்தம்கூட வந்த மாதிரி இருக்கும்" என்பான்.

"எல்லாரும் டிவி வாங்கிப் படம் பாப்பாங்க. நாங்க டிவி வாங்கிப் போர்வை போத்தித் தூங்க வெச்சிருக்கோம்" என்பாள் அண்ணி.

தங்கைக்கு இரண்டு பேச்சும் பழகிப்போயிருந்தது. மூன்றாவது மாடியில் இரண்டே அறை உள்ள வீடு. ஓர் அறையில் ஆறு ஸ்பீக்கர்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாதவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடையில் பழையதாக வாங்கியது. பின்பக்கத்து இரண்டும் துணி பீரோவின் மேல் இருந்தன. பீரோவைத் திறக்கும்போது கதவை அதிராமல் திறக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். கல்லூரி முடித்து, ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அவள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் புடவை எடுத்தாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவன். வேலை இடத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக் கேட்பான். எந்த பேரிங் தேய்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். ஒரு குடியிருப்பில் மூன்று வாரம் என்று சொன்னான். அங்கிருந்த சங்கச் செயலாளர் சிரித்தார். பத்தொன்பதாம் நாள் லிஃப்ட் நின்றபோது உள்ளே இருந்தவர் அதே செயலாளர்தான். கதவை நெம்பித் திறந்த அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கால் வெச்சுப் பாத்து இறங்குங்க சார்" என்று மட்டும் சொன்னானாம். இதை அண்ணனோடு போன எலெக்ட்ரீஷியன் வந்து சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும்.

இந்தப் படப் பைத்தியம் பிடித்த கதை சிறியது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு பெரியவர், லிஃப்டில் சாமான் இறக்க உதவிய அண்ணனுக்கு ஒரு பிளேயரையும் இரண்டு செருப்புப் பெட்டி நிறைய டிஸ்க்குகளையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று ரயில் கொள்ளைப் படம். எட்டு வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு அவன் பார்த்த படம். ஆசையாகப் போட்டான். முதல் துப்பாக்கி வெடித்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"இது அந்தத் துப்பாக்கி இல்லையே."

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேட்ட துப்பாக்கி ஞாபகம் இருக்கு. காலையில சொன்ன பால் பாக்கெட் ஞாபகம் இல்ல" என்றாள் அண்ணி.

அவன் மெனுவைக் குடைந்தான். ஒலி என்ற இடத்தில் இரண்டு வகை இருந்தது. ஒன்று சரவுண்ட், இன்னொன்று மோனோ. மோனோவை வைத்துக் கேட்டான். மரப்பலகையைத் தரையில் போட்ட மாதிரி வறண்ட சத்தம். அதுதான். அவனுடைய துப்பாக்கி அங்கே பத்திரமாக இருந்தது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தக் காலத்துப் படங்களில் பேச்சு, பாட்டு, காலடி எல்லாம் ஒரே ஒலியாகச் சேர்த்துப் பதிவானவை. டிஸ்க்காக வெளியிடும்போது அதை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது, பழைய துப்பாக்கி மெலிசாக இருக்கிறது என்று புதியதைப் போடுகிறார்கள். மழை போதவில்லை என்று மழையைக் கூட்டுகிறார்கள். சில டிஸ்க்கில் பழைய மோனோவும் கூடவே இருக்கும். சிலவற்றில் இருக்காது. இன்னும் சிலவற்றில் மோனோ என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது புதிய சரவுண்டையே நசுக்கி இரண்டு பக்கத்துக்குள் அடக்கியதாக இருக்கும். இந்தக் கடைசி வகைதான் அண்ணனுக்கு ஆகாது.

அதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. ஆம்ப்ளிஃபையரின் இடது பக்கச் சிவப்பு முனையில் ஒரு கம்பி, வலது பக்கச் சிவப்பு முனையில் ஒரு கம்பி. அந்த இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாட்டுவான். அப்படி மாட்டினால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். உண்மையான மோனோவில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். அது கடைசிவரை ஊமையாகவே இருக்கிறதா என்று பார்க்க இரண்டரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான். படம் போர்வைக்குள்ளே, சத்தம் ஸ்பீக்கருக்குள்ளே. ஒரு தடவை வீட்டுக்கு வந்த அண்ணியின் அம்மா அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, மகளைச் சமையலறைக்கு அழைத்துப்போய், "மாப்பிள்ளைக்கு வேலையில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

ஒவ்வொரு டிஸ்க்கையும் மூன்று தடவை கேட்பான். முதல் தடவை பின்னால் ஓட்டவே மாட்டான். ஓட்டினால் காது பழகிவிடும் என்பான். நோட்டில் நிமிடம் போட்டு எழுதுவான். சரவுண்ட் என்றாலே திட்டுகிற ஆளும் இல்லை. ஒரு சர்க்கஸ் படத்தின் சரவுண்டைப் பற்றி நாலு பக்கம் பாராட்டி எழுதியிருந்தான். பாட்டின் பழைய டேப்பைத் தேடி எடுத்துப் பிரித்திருக்கிறார்கள், தாளம் இப்போதுதான் மூச்சுவிடுகிறது என்று. "ஆறு ஸ்பீக்கர்ல வர்றது தப்பில்ல. பழசைத் தூக்கிப் போட்டுட்டு, இருக்குன்னு சொல்றதுதான் தப்பு."

அந்த நோட்டுகளைத் தங்கைதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பழைய படம் சேகரிப்பவர்கள் கூடுகிற ஓர் இணையதளத்தில் போட்டாள். முதலில் பத்துப் பேர் படித்தார்கள். ஆறு வருடத்தில், புதிய டிஸ்க் வந்தால் "லிஃப்ட்காரர் கேட்டுட்டாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குவது என்றாகிவிட்டது.

அவளுக்கு இதில் பெருமையும் இருந்தது, ஒரு முள்ளும் இருந்தது. வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. கடைசி வருட ஆய்வுக்கு அறுபது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டும். இருபத்து நாலு பேரிடம் வாங்கினாள். மிச்சத்தை விடுதி அறையில் உட்கார்ந்து, பேனா மாற்றி மாற்றித் தானே நிரப்பினாள். முதல் வகுப்பு கிடைத்தது. பத்தாவதோடு நிறுத்திய அண்ணன், யாரும் கேட்காத ஒரு விஷயத்தை மூன்று தடவை சரிபார்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முப்பத்தாறு தாள்களும் அவள் கண் முன்னால் வந்து நிற்கும்.

படகுத்துறைப் படம் டிஸ்க்காக வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு படகோட்டியின் வீட்டில் நடக்கும் கொலையைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். இடைவேளைக்குப் பிறகு கிட்டத்தட்ட முழுக்க மழையும் துடுப்புமாகப் போகும். இதுவரை சரவுண்ட் மட்டுமே கிடைத்தது. இப்போது அட்டையில் தங்க எழுத்தில் 'அசல் மோனோ ஒலியுடன்' என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மெனுவில் மோனோவை வைத்து, முன்பக்கத்து இரண்டைத் தவிர மற்ற ஸ்பீக்கர்களின் கம்பியைக் கழற்றிவிட்டு, போர்வையைப் போட்டு உட்கார்ந்தான். ஐம்பத்தோராவது நிமிடத்தில் போன் வந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர். டிஸ்க்கை நிறுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, கை கழுவி, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டான்.

முதல் துடுப்பு தண்ணீரில் விழுந்ததும் அவன் புருவம் ஏறியது.

"பட்டதாரி, இங்க வா. இது என்ன சத்தம்?"

சந்தோஷமாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும் அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான். அவள் வந்து கேட்டாள். "தண்ணி சத்தம்."

"தண்ணிதான். எந்தத் தண்ணி? பிளாஸ்டிக் வாளியில மோந்து ஊத்தற தண்ணி."

எழுந்து கம்பிகளை மாற்றி மாட்டினான். ஊமையாக இருக்க வேண்டிய ஸ்பீக்கரில் சன்னமாக மழை பெய்தது. படம் முடியும்வரை பெய்துகொண்டே இருந்தது.

"பாதிப் படத்துக்குப் பழைய ஒலி கெடைக்கல போலிருக்கு. புதுசை நசுக்கி ஒட்டிட்டாங்க. அதைச் சொல்லிட்டு ஒட்டியிருக்கலாம்."

அந்த வாரம் ஒரு புதுக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட்டை ஓடவிட வேண்டிய வேலை இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கெழமை இன்னும் ரெண்டு தடவை கேட்டுட்டுப் போடலாம்" என்றான். இணையதளத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றாள் அவள். ரொம்ப யோசித்தான். "சரி, போடு" என்றான்.

அவள் போட்டாள். நோட்டில் முதல் பாதியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பாராட்டு இருந்தது. அதை விட்டுவிட்டாள். குற்றச்சாட்டின் கூர் மழுங்கிவிடும் என்று அப்போது தோன்றியது.

இரண்டு நாளில் தளம் கொதித்தது. டிஸ்க்கைத் திருப்பி அனுப்பப் போவதாகப் பலர் எழுதினார்கள். ஒலியைச் சீரமைத்த பெண்மணியின் பெயர் அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருந்ததைத் தேடி எடுத்துக் கேலி செய்தார்கள். வெளியிட்ட நிறுவனம், விசாரித்து முடிக்கும்வரை அவருக்குத் தருவதாக இருந்த அடுத்த படத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த அம்மாவிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது.

'ஐம்பத்தோராவது நிமிடத்தில் எதுவும் மாறவில்லை. எட்டு மாதம் இந்தப் படத்தோடு இருந்திருக்கிறேன். நீங்கள் கேட்டது எந்தப் பிரதி?'

"கடையில வாங்கின பிரதின்னு எழுது" என்றான் அண்ணன், சட்டையில் கிரீஸோடு.

வியாழக்கிழமை சாயங்காலம், தளத்தில் ஒருவர் துடுப்புச் சத்தம் மாறும் நிமிடங்களைத் துல்லியமாகக் கேட்டிருந்தார். அண்ணன் இன்னும் வரவில்லை. அவளே டிஸ்க்கைப் போட்டு, மோனோவை வைத்து, போர்வை இல்லாமல் பார்த்தாள். ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. துடுப்பு விழுந்தது. மரம் முனகியது. வாளித் தண்ணீர் எங்கும் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தாள், நிமிடம் சரிதான். அண்ணி காபி குடிக்கக் கூப்பிட்டாள். நிறுத்திவிட்டுப் போனாள். திரும்பி வந்து ஓடவிட்டாள். அதே துடுப்பு இப்போது பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது.

ரிமோட்டில் ஒலி என்ற பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் எழுத்து வந்தது: சரவுண்ட்.

மறுபடி மோனோ வைத்தாள், நிறுத்தினாள், ஓடவிட்டாள். சரவுண்ட். டிஸ்க்கை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் அந்தப் பிளேயர் தானாக மெனுவில் முதலில் இருக்கும் ஒலிக்குப் போய்விடுகிறது. எந்த ஒலி என்று பெட்டியின் முகப்பில் தெரியாது, திரையில்தான் தெரியும். திரையின் மேல் போர்வை இருந்தது. ஐம்பத்தோராவது நிமிடத்தில் மாறியது படம் இல்லை. அண்ணன் லிஃப்ட் பார்க்கப் போனான், அவ்வளவுதான்.

அவள் சமையலறைக்குப் போய் நின்றாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்தே அடுப்பைத் தணித்தாள். எல்லாவற்றையும் சொன்னதும், "ஆறு வருஷமா சேத்த பேரு" என்றாள் அண்ணி. பிறகு, "அந்தம்மாவுக்கு வேலை போயிடுச்சா?" என்றாள்.

"நிறுத்தி வெச்சிருக்காங்க."

"அப்ப என்ன யோசனை?"

"சில பிளேயர்ல இப்படி ஆகலாம்னு பொதுவா ஒண்ணு எழுதிட்டா…"

"நீ படிச்சவ. உனக்கு அப்படியெல்லாம் எழுதத் தெரியும். உங்க அண்ணனுக்குத் தெரியாது." அண்ணி அடுப்பைக் கூட்டினாள். "வரட்டும். சாப்பிட்டப்பறம் சொல்லு. வெறும் வயித்துல வேணாம்."

அவன் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள். அவன் டிவி முன்னால் போய் உட்கார்ந்து, தானே மூன்று தடவை நிறுத்தி ஓடவிட்டான். மூன்று தடவையும் மூலையில் அதே எழுத்து. ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"காது சரியாத்தான் கேட்டிருக்கு. வாளின்னு சொன்னது வாளிதான்." காதைத் தேய்த்துக்கொண்டான். "எதைக் கேக்கறோம்னுதான் பாக்கல. மோட்டார் மாத்திக் காதை வெச்சுட்டு, நல்ல மோட்டாரைக் கழட்டச் சொல்லிட்டேன்."

அவள் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தாள். படித்துக் காட்டினாள். 'பிளேயரின் குறைபாட்டால் நேர்ந்த ஒரு சிறு தவறு…'

"பிளேயர் எப்பவும் அப்படித்தான் வேலை செய்யுது. அதுக்குக் குறை ஒண்ணுமில்ல. சிறுங்கறதை எடு."

"அண்ணா, இப்படி அப்பட்டமா எழுதினா நாளைக்கு யாரும் உன்னை நம்ப மாட்டாங்க."

"நம்ப வேணாம். கேட்டுப் பாக்கட்டும். டிஸ்க் அவங்ககிட்டயும் இருக்கில்ல?" அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'படகுத்துறைப் படத்தின் மோனோ முழுக்க உண்மையானது. நான் இரண்டாம் பாதியில் கேட்டது சரவுண்ட். திரையைப் போர்வையால் மூடியிருந்ததால் அது மாறியதைப் பார்க்கவில்லை. ஒரு தடவைக்கு மேல் கேட்காமல் எழுதினேன். தவறு என்னுடையது.' பழைய குறிப்பை அழிக்க வேண்டாம், அதன் தலைமேல் இதை வை என்றான். நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னான். பிறகு, "அந்தம்மா நம்பர் கெடைக்குமா?" என்றான்.

மறுநாள் சாயங்காலம் கிடைத்தது. அண்ணன் நின்றுகொண்டே பேசினான். போன் மேசைமேல், ஸ்பீக்கரில் இருந்தது.

"நான் லிஃப்ட் மெக்கானிக் பேசறேம்மா. உங்க டிஸ்க்கைப் பத்தித் தப்பா எழுதினவன்."

அண்ணன் போனின் பக்கம் இன்னும் குனிந்தான்.

"எழுதினதைத் திருத்திட்டேன். கம்பெனிக்கும் எழுதியாச்சு. இருந்தாலும் வாயால சொல்லணும்னு தோணுச்சு. தப்பு எம்மேல."

"படிச்சேன்" என்றது வயதான, சோர்ந்த குரல். "நாலு நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எங்கயாவது கோப்பு மாறிப் போச்சோன்னு எல்லாத்தையும் முதல்லேருந்து கேட்டேன்." பிறகு அந்தக் குரலே கேட்டது, "முதல் பாதியை ஒழுங்காத்தானே கேட்டீங்க? அது எப்படி இருந்துச்சு?"

அண்ணன் நோட்டை எடுத்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பவன் மாதிரி வாசித்தான். "பன்னெண்டாவது நிமிஷம். ஷூட்டிங் விளக்கோட ரீங்காரம் அப்படியே இருக்கு, துடைக்கல, நல்ல காரியம். முப்பத்தேழு. வீட்டுக்கார அம்மா இருமறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கேக்குது. சரவுண்ட்ல அந்த மூச்சு இல்ல. இருமல் மட்டும் தனியா வந்து நிக்குது. இதைச் சுத்தம் பண்ணினவங்க எதைத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க." அப்படியே ஒன்றரைப் பக்கம்.

"இதையெல்லாம் அப்பவே எழுதினீங்களா?"

"அன்னைக்கே எழுதினேம்மா."

"அப்ப ஏன் வெளியில வரல?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவன் திட்டவில்லை. போனை அவள் பக்கம் நகர்த்தினான். "போட்டவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களே சொல்லுவாங்க."

கல்லூரியில் பேச்சுப் போட்டியில் அவள் வாங்கிய கோப்பை ஒன்று பீரோ மேல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது ஒரு வாக்கியம் சொல்வதற்குள் மூன்று தடவை தொண்டையைச் சரிசெய்தாள். "நான்தான் எடுத்துட்டேன் மேடம். அது இருந்தா, திட்டினது எடுபடாதுன்னு நினைச்சேன்."

"ம்" என்றது போன். "எடுபட்டுது."

அன்று அவள் சாப்பிடவில்லை. அண்ணி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுநாள் விடிந்ததும் அந்த ஒன்றரைப் பக்கத்தை ஓர் எழுத்து மாற்றாமல் அடித்து, தானே விட்டுவிட்டதாக ஒரு வரி சேர்த்துத் தளத்தில் போட்டாள். நாலு பேர் அண்ணனைக் கிண்டல் செய்தார்கள். ஒருவர் 'போர்வை விமர்சகர்' என்று பட்டம் கொடுத்தார். அது அண்ணிக்கு மிகவும் பிடித்துப்போய், பத்து நாள் வீட்டில் அதுவே பேச்சாக இருந்தது.

அண்ணன் இரண்டாம் பாதியை முறைப்படி கேட்டான். மூன்று தடவை. நிறுத்தி ஓடவிட்ட ஒவ்வொரு முறையும் போர்வையைத் தூக்கி மூலையைப் பார்த்தான். ஊமை ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தது. பாராட்டு நாலு பக்கம் வந்தது. ஆனால் எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினான்.

"படகுக்காரன் 'வர மாட்டேன்'னு சொல்றான். கடைசியில கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கு. ஒட்டின இடம் தெரியுது."

தங்கை காதைத் தீட்டிக் கேட்டாள். நாலாவது தடவைதான் அவளுக்கே கேட்டது. "அண்ணா, வேணாமே. இப்பதான் மன்னிப்புக் கேட்டோம். மறுபடி அவங்களையே…"

"மன்னிப்புக் கேட்டதுனால நல்லதா மட்டும் எழுதினா, அது அவங்க வேலைக்கு மரியாதையா? பயந்து எழுதின மாதிரி இருக்கும்." யோசித்தான். "ஊருக்கு அப்புறம் சொல்லலாம். முதல்ல அவங்களுக்கு அனுப்பு. நாலு பக்கத்தையும் சேத்து."

அனுப்பினாள். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் அவன் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். நாலாம் நாள் வந்தது.

'எண்பத்து மூன்று உண்மை. அந்த இடத்தில் படச்சுருள் கிழிந்திருந்தது. அறுபது தடவை ஒட்டிப் பார்த்துவிட்டு, யார் காதிலும் படாது என்று விட்டுவிட்டேன். வேறொரு பிரதியில் அந்த வார்த்தை முழுசாக இருக்கிறதாம், தேடுகிறேன். நிறுத்திவைத்திருந்த படம் நேற்று எனக்கே வந்துவிட்டது. முடித்ததும், டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன்னால், உங்களுக்கு அனுப்புகிறேன். கேட்டுச் சொல்ல எத்தனை நாள் வேண்டும்?'

அண்ணன் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு சுவரில் மாட்டியிருந்த வேலை அட்டவணையின் முன்னால் போய் நின்று, விரலால் எண்ணினான்.

"ரெண்டு மாசம்னு எழுது."

"ரெண்டு மாசமா?" என்றாள் தங்கை. "ஒரு வாரத்துல முடிக்கலாமே. அவங்க வேற யாரையாவது பாத்துட்டா?"

"பாக்கட்டும். மூணு தடவை கேக்கணும், அதுக்கு நடுவுல லிஃப்ட் வேற நிக்கும். ரெண்டு மாசம்."

அவள் 'இரண்டு மாதம்' என்று அடித்து, அனுப்பும் முன் அவனிடம் ஒரு தடவை படித்துக் காட்டினாள்.